மீற்றர் 6,800 காட்டுகிற உழவு மெசினை வாங்கலாமா?

கிளிநொச்சி உருத்திரபுரத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. மல்லாவியில் ஒரு மசி பெர்குசன் 240 விலைக்கு நிற்கிறதாம். மீற்றரில் 6,800 மணித்தியாலம். எஞ்சின் ஒருமுறை இறக்கிச் செய்தது என்று சொந்தக்காரர் சொல்கிறார். இரணைமடுக் குளத்தின் கீழ் தம்பிக்குச் சொந்த வயல் ஆறு ஏக்கர். அதை உழுதுகொண்டு மிச்ச நாளில் கூலி உழவுக்கும் போகலாம் என்று யோசிக்கிறார். இவ்வளவு ஓடிய மெசினை நம்பலாமா, எதைப் பார்ப்பது, வாங்கினால் எப்படி வைத்திருப்பது என்று கேட்கிறார்.

தம்பி, 6,800 என்ற எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பழைய மசியில் அந்த மீற்றர் ஒரு கேபிளில் ஓடுகிறது. அது எண்ணுவது எஞ்சினின் சுற்றை. உழவு ஓடுகிற வேகத்தில்தான் அதன் ஒரு மணித்தியாலமும் கடிகாரத்தின் ஒரு மணித்தியாலமும் ஒன்று. மெதுவாக ஓடவிட்டு மர நிழலில் நின்று கதைத்த நேரமெல்லாம் அதில் பாதிகூடப் பதியாது. கேபிள் அறுந்தால் அடுத்த போகத்துக்கு முன் யாரும் மாற்றுவதில்லை, சிலர் எப்போதுமே மாற்றுவதில்லை. கராச்சில் வேறு மெசினின் மீற்றரைக் கழற்றிப் பூட்டியதும் உண்டு. ஆகவே அந்த எண் சொந்தக்காரர் சொல்கிற ஒரு கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் சாட்சி வேண்டும்.

சாட்சியை நீங்களே கணக்குப் போட்டு எடுக்கலாம். "எத்தனை மணித்தியாலம் ஓடியது?" என்று கேட்டால் எவரும் மீற்றரைக் காட்டுவார். "ஒரு காலபோகத்துக்கு எத்தனை ஏக்கர் உழுவீர்கள் அண்ணை?" என்று கேளுங்கள். அதைப் பெருமையாகவே சொல்வார்கள். ஒன்பது கொழுக் கலப்பையால் ஒரு ஏக்கரை ஒருமுறை உழ, திருப்பம், வரம்பு எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். மண்ணைக் கொத்திக் கிண்டுகிற ரொட்டவேற்றர் போட்டால் அதைவிடக் கூட. முதல் உழவு, மறு உழவு, விதைத்து மூடுகிற உழவு என்று பார்த்தால் ஏக்கருக்கு இரண்டரை மணித்தியாலம் வைக்கலாம். மாரி மழையோடு செய்கிற காலபோகம் 150 ஏக்கர், கோடையில் குளத்து நீரில் செய்கிற சிறுபோகம் 50 ஏக்கர் என்றால் வருடத்துக்கு 500 மணித்தியாலம். இது பாரம் ஏற்றிப் பின்னால் இழுக்கிற பெட்டி பூட்டி ஓடிய ஓட்டம் சேராத கணக்கு. இனி மெசினின் பதிவுப் புத்தகத்தில் முதல் பதிவு வருடத்தைப் பாருங்கள். பதினைந்து வருடம் இப்படி உழைத்த மெசின் உழவிலேயே 7,500 தொட்டிருக்கும். 6,800 அதற்கு அருகில் நிற்கிறது, சரி என்று விடலாம். இருபத்தைந்து வருட மெசினில் 6,800 என்றால் மீற்றர் நடுவில் எங்கேயோ நித்திரை கொண்டிருக்கிறது.

அதைவிட முக்கியம், அந்த மணித்தியாலங்கள் எந்த வேலையில் போயின என்பது. உழவில் ஓடிய 7,000 மணித்தியாலமும் மணல் பெட்டி இழுத்த 7,000 மணித்தியாலமும் ஒன்றல்ல. கனகராயன் ஆற்றுப் பக்கம் மணல் ஏற்றிய மெசின்கள் அளவுக்கு மிஞ்சிய பாரத்தை மேட்டில் இழுத்து, கிளச்சைப் பாதி மிதித்தபடியே நகர்ந்து, பிறேக்கில் தொங்கி இறங்கியவை. அவற்றில் எஞ்சின் நன்றாக இருந்தாலும் பின்பக்கம் போயிருக்கும். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் இரும்புச் சில்லு போட்டுச் சேறடித்தவை இன்னொரு வகை. அந்த மண் சில்லைப் பிடித்தால் விடாது, பின் அச்சு, ஹப், கியர்ப் பெட்டி எல்லாம் முறுக்குப்படும். முல்லைத்தீவுக் கரையோர மணல் நிலத்தில் ஓடியதில் சீல்களும் புஷ்களும் அரைபட்டிருக்கும். என்னைக் கேட்டால், சொந்த வயலும் அக்கம்பக்கத்து வயலும் உழுது, அறுவடையில் நெல் மூட்டை ஏற்றி, கோடையில் தண்ணிப் பவுசர் இழுத்த மெசின்தான் நல்ல சாதகம்.

இதை வாயால் கேட்டு அறிய வேண்டியதில்லை. மெசினின் பின்னால் குனிந்து, பெட்டி பூட்டுகிற கொக்கியைப் பாருங்கள். பூட்டு ஆணி போடுகிற துளை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாக இழுபட்டிருக்கிறதா? இழுபட்டிருந்தால் அது பெட்டி இழுத்தே வாழ்ந்த மெசின். பிறகு ரொட்டவேற்றரைச் சுழற்றுகிற பீ.ரீ.ஓ. தண்டின் பற்களைத் தடவுங்கள். முனை கூராகத் தேய்ந்திருந்தால் ரொட்டவேற்றர் நிறையப் பூட்டியிருக்கிறார்கள். கலப்பை பூட்டுகிற கீழ்க் கைகளின் உருண்டை முனை ஆடுகிறதா? கிளச் மிதியில் இரும்பு எவ்வளவு தேய்ந்து பளபளக்கிறது? பெயின்ற் புதிதாக அடிக்கலாம், இந்த இடங்களை மறைப்பது கடினம். புதுப் பெயின்ற் அடித்த பழைய மெசினைக் கண்டால் எனக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது.

இனி எஞ்சின். முதலில் பார்க்க வேண்டியது புகையையோ சத்தத்தையோ இல்லை. காற்று வருகிற வழியை.

240 இல் இருப்பது மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ், இரண்டரை லீற்றர். டீசல் எஞ்சின்களில் இதைப்போல் பொறுமையானது குறைவு. ஆனால் ஒன்றைத் தாங்காது: புழுதி. நம் பக்கத்தில் பெருமளவு வயல் புழுதி விதைப்பு. ஆவணி, புரட்டாதியில் மழைக்கு முன் காய்ந்த நிலத்தை உழுகிறபோது மெசின் தன் புழுதிக்குள்ளேயே மூச்சு விடுகிறது. இதில் எயார் கிளீனர் ஒயில் போட்ட வகை. அடியில் ஒரு கிண்ணம், அதில் எஞ்சின் ஒயில், காற்று அந்த ஒயிலில் மோதிப் புழுதியை விட்டுவிட்டு உள்ளே போகும். புழுதி உழவு நாட்களில் அந்தக் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கழற்றுங்கள். ஒயில் மட்டம் கோட்டில் இருக்கிறதா, அடியில் சேறு எவ்வளவு தடிப்பு என்று விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல் தடிப்புக்குச் சேறு படிந்து, மேலே ஒயில் பெயருக்கு நின்றால் இவர் எப்படிப் பார்த்தார் என்பது விளங்கிவிடும். அத்தோடு நிற்காதீர்கள். கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற றப்பர் ஹோஸின் எஞ்சின் பக்கத்துக் கிளிப்பைத் தளர்த்தி இழுத்து, உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி விடுங்கள். மெல்லிய எண்ணெய்ப் பசை வந்தால் பரவாயில்லை. மண் நிறத்தில் நறநறவென்று வந்தால் புழுதி கிளீனரைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் அரைபட்டிருக்கும். எஞ்சின் போன வருடம்தான் செய்தது என்று சத்தியம் பண்ணினாலும், அந்தப் புது எஞ்சினும் அரைபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறதா என்பதையும் இதே மூச்சில் பார்த்துவிடுங்கள்.

கட்டுக்கம்பி என்றதும் ஒன்று. வன்னியில் பழைய மெசின் பார்க்கிறவர் ஒரு சரித்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போர்க்காலத் தடையால் 2002 இல் ஏ9 பாதை திறக்கும் வரை இங்கே பாட்ஸ், எரிபொருள், பற்றரி எதுவும் ஒழுங்காக வராது. இல்லாததை வைத்து ஓட்டிப் பழகிய பாஸ்மார், அதாவது மெக்கானிக்மார், நம்முடையவர்கள். லேத்தில் கடைந்த புஷ், ரயர் றப்பரில் வெட்டிய சீல், வேறு வாகனத்தின் பேரிங் என்று அவர்கள் கைவேலைக்கு நான் தலை வணங்குவேன். ஆனால் வாங்குகிறவருக்கு அது இரண்டு பக்கமும் வெட்டும். நன்றாக ஓடுகிற மெசினுக்குள்ளே எந்தக் கடையிலும் இல்லாத அளவில் ஒரு பாகம் இருக்கலாம். அது போகிறபோது இன்னொரு பாஸ் இன்னொன்றைக் கடைய வேண்டும். ஆகவே "இதை எங்கே செய்வித்தீர்கள், யார் செய்தது?" என்று ஒவ்வொரு வேலைக்கும் கேளுங்கள். பாஸின் பெயர் சொன்னால் அவரிடமே போய்க் கேட்கலாம். சின்ன ஊர்தானே.

ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதற்கு எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். போனதும் கையை எஞ்சின் கட்டையில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். அன்று திரும்பி வாருங்கள், வேறொரு நாள் சொல்லாமல் போங்கள். மெசினைக் குளக்கட்டுச் சரிவில் நிறுத்தி வைத்திருந்தாலும் அர்த்தம் இருக்கிறது: ஸ்டார்டரோ பற்றரியோ கம்பிரஷனோ ஏதோ ஒன்று சரியில்லை, உருட்டி எடுக்கிறார்கள். நம் வெயிலுக்கு நல்ல மூன்று சிலிண்டர் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். குளிர் நாட்டுக்காரருக்குச் சாக்கு உண்டு, நமக்கு இல்லை.

பிடித்தவுடன் வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து மறைந்தால் விடுங்கள். சூடான பிறகும் வெள்ளை வந்துகொண்டிருந்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. பாரத்தில் கொஞ்சம் கறுப்பு வருவது இயல்பு. பாரமில்லாமலே கறுப்பு வந்தால் இன்ஜெக்டர், பம்ப், அடைபட்ட எயார் கிளீனர் மூன்றில் ஒன்று. இதையெல்லாம் எல்லாருமே சொல்வார்கள். நான் கூடுதலாக நம்புவது இதை: சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாயின் மேல் சும்மா வையுங்கள். மெல்ல நடுங்கினால் நல்லது. துள்ளி விழுந்தாலோ, வாயிலிருந்து புகை தம்மடித்ததுபோல் குபுக் குபுக்கென்று வந்தாலோ ரிங்குகளைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. எஞ்சின் வேலைக்குக் காசை ஒதுக்கிக்கொண்டு மேலே பேசுங்கள்.

அடுத்து, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கதைத்துக்கொண்டிருங்கள். பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். குளிரில் உடனே பிடித்த மெசின் சூட்டில் பிடிக்க மறுத்தால் டீசல் பம்ப் தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இதில் உள்ள சுழல் பம்புக்கு உயவு கொடுப்பது அதற்குள் ஓடுகிற டீசலேதான், வேறு ஒயில் கிடையாது. சூட்டில் டீசல் இளகித் தேய்ந்த இடுக்கால் கசிந்துவிடுவதால் அழுத்தம் ஏறாது. 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை மறக்கவில்லைதானே? அந்த ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய், அதன் பிறகுதான் ஒரேயடியாக 340 ஆனது. விலை குறைந்தது மண்ணெண்ணெய் என்பதால், கிடைத்தபோது டீசலில் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. பயிர் காய்கிறபோது யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு, அந்தப் பம்ப்தான் அதற்கு விலை கொடுத்தது. சொந்தக்காரர் ஒத்துக்கொண்டால் அவரை எனக்குப் பிடிக்கும். பம்ப் வேலையை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஒயில் பிரஷரை மீற்றர் முள்ளை நம்பிப் பார்க்காதீர்கள், பல மெசினில் அது செத்தே இருக்கும். பாஸிடம் கையில் பூட்டுகிற கேஜ் இருக்கும். எஞ்சின் சூடாகி முழு வேகத்தில் ஓடும்போது 30 இற்கும் 60 பீ.எஸ்.ஐ. இற்கும் இடையில் காட்ட வேண்டும். தடித்த ஒயிலை ஊற்றி முள்ளை ஏற்றி வைப்பது பழைய வித்தை. அதனால்தான் அரை மணித்தியாலம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு பார்க்கச் சொல்கிறேன்.

"எஞ்சின் ஒருமுறை செய்தது" என்ற பேச்சுக்கு வருவோம். அதில் ஒரு கேள்வி மட்டும் மற்றெல்லாவற்றையும்விடப் பெறுமதி: கிராங்க் எத்தனை தௌ வெட்டினது? தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, வெட்டுவது என்பது தேய்ந்த கிராங்கைக் கடைந்து மெலிதாக்குவது. இந்த எஞ்சினின் கிராங்கைப் பத்து, இருபது, முப்பது என்று மூன்று படியாகத்தான் வெட்டலாம், பேரிங்கும் அந்த அளவுகளில்தான் வரும். முதல் தடவை பத்து வெட்டியிருந்தால் இன்னும் இரண்டு ஆயுள் மிச்சம். முப்பது வெட்டியாயிற்று என்றால் அடுத்த தடவை வேறு கிராங்க் வாங்க வேண்டும், அது சின்னக் காசில்லை. லேத் பில்லும் பாட்ஸ் பில்லும் இருந்தால் பாருங்கள். லைனர், பிஸ்டன், ரிங் சேர்த்துப் போட்டதா, ரிங் மட்டும் மாற்றியதா என்பது பில்லில் தெரிந்துவிடும். ரிங் மட்டும் மாற்றி "எஞ்சின் செய்தது" என்று சொல்வது நம் ஊரில் சாதாரணம்.

றேடியேற்றர் மூடியைக் குளிரில் மட்டும் திறவுங்கள். கிணற்றுத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஊற்றி ஊற்றி உள்ளே காவி படிந்திருக்கும். அது எதிர்பார்த்ததுதான். மேலே எண்ணெய்ப் படலமோ, எஞ்சின் ஓடும்போது விடாமல் குமிழியோ வந்தால் ஹெட் காஸ்கெட் அல்லது ஹெட் வெடிப்பு. முன்னால் தகடுகளுக்கிடையே வைக்கலும் பதரும் அடைத்திருந்தால் தட்டி எடுக்கலாம், அதற்காக மெசினை விடவேண்டாம். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற தேர்மோஸ்ராற் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதைக் கழற்றி எறிந்தாயிற்று, நமக்கு வெயில் காணும்" என்பார்கள். இது நம் கராச்சுகளின் மிகப் பெரிய மூடநம்பிக்கை. எஞ்சின் 80 பாகைக்குக் கிட்ட ஓடினால்தான் டீசல் முழுதாக எரியும். தேர்மோஸ்ராற் இல்லாமல் குளிர்ந்தே ஓடினால் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலோடு கலக்கும், லைனர் வேகமாகத் தேயும். சூடேறுகிறது என்றால் றேடியேற்றரைக் கழுவ வேண்டும், தேர்மோஸ்ராற்றைக் கழற்றக் கூடாது.

இப்போது பின்பக்கம். இந்த மசியில் கியர்ப் பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான், ஏறக்குறைய முப்பது லீற்றர். ஹைட்ரோலிக் பம்ப்கூட அந்த ஒயிலுக்குள்ளேதான் மூழ்கிக் கிடக்கிறது. சேற்று வயலில் அச்சு மட்டம் வரை இறங்குகிற மெசினுக்குள் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் போகும். ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். தேநீர்க் கடைப் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விற்பதற்கு முன் ஒயிலை மாற்றி மறைத்திருக்கலாம், ஆகவே அடிப் பிளக்கை அரைச் சுற்றுத் தளர்த்தி முதலில் வருகிற துளிகளைக் கையில் ஏந்துங்கள். மெசின் இரவு முழுதும் நின்றிருந்தால் தண்ணீர் அடியில் இறங்கி முதலில் அதுதான் வரும். விரலிடுக்கில் தேய்த்து, பொன்னிறத் துகள் தெரிகிறதா, இரும்புத் துருவல் குத்துகிறதா பாருங்கள். இதைச் செய்யவிடாத சொந்தக்காரரிடம் மேலே பேச ஒன்றும் இல்லை.

ஹைட்ரோலிக்கைச் சூடான பிறகுதான் சோதிக்க வேண்டும். குளிரில் எல்லாம் தூக்கும். கலப்பையைப் பூட்டி, அதன் மேல் இரண்டு ஆட்களை ஏற்றித் தூக்கி வையுங்கள். எஞ்சின் ஓடும்போது கலப்பை சில விநாடிக்கு ஒருமுறை தலையாட்டுகிறதுபோல் மேலும் கீழும் துள்ளினால் உள்ளே சிலிண்டர் ரிங்கிலோ சீலிலோ கசிவு. எஞ்சினை நிறுத்திய பின் மெல்ல இறங்குவதைப் பெரிய குற்றமாக எடுக்காதீர்கள், பழைய மெசினில் அது சாதாரணம். சூட்டில் தூக்கவே திணறினால் பம்ப். இரண்டுக்கும் மேல்மூடியைத் திறக்க வேண்டும், கூலி அதிகம்.

கிளச்சுக்கு: கைப்பிறேக் போட்டு, உயர்ந்த கியரில் வைத்து, கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் செத்துப்போக வேண்டும். சாகாமல் இரைந்துகொண்டிருந்தால் கிளச் வழுக்குகிறது. கியர் துள்ளுகிறதா என்பதை வெறும் றோட்டில் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. பாரம் ஏற்றிய பெட்டியோடு ஒவ்வொரு கியரிலும் இழுத்து, சட்டென்று அக்ஸிலேற்றரை விடவேண்டும். துள்ளினால் அந்த இடத்திலேயே துள்ளும். ஹை, லோ இரண்டிலும் பாருங்கள். பிறேக் மிதிகள் இரண்டையும் தனித்தனியே மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பிடிக்காவிட்டால், பின் சில்லின் உள்பக்கத்தில் ஒயில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அச்சுச் சீல் கசிந்து பிறேக்கை நனைத்திருக்கலாம்.

முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கிச் சில்லை ஆட்டினால் கிங் பின், ஹப் பேரிங், நடுப் பின் புஷ் மூன்றும் தெரியும். தேய்ந்திருந்தாலும் பயப்படவேண்டாம், இவை மலிவு. ரயர்தான் மலிவில்லை. பின் ரயர் இரண்டும் வெடித்துப்போய் நின்றால் விலையில் அப்படியே கழியுங்கள்.

2009 இற்கு முந்திய மெசின் என்றால் இன்னொரு பார்வை வேண்டும். முள்ளிவாய்க்கால் வரை சனத்தோடு போன மெசின்கள் எத்தனையோ அங்கேயே நின்றன. கடற்கரை மணலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து பிறகு எடுக்கப்பட்டவை இன்றும் ஓடுகின்றன. அவற்றில் கியர்ப் பெட்டிக் கூட்டில் ஷெல் துண்டு பட்டு ஒட்டின வெல்டிங், புதிதாய் அடித்த மட்காட், மாற்றின எஞ்சின் இருக்கலாம். நன்றாகச் செய்திருந்தால் குற்றமில்லை. ஆனால் எஞ்சின் இலக்கமும் சஸி இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். எஞ்சின் மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றும்போது அந்தத் தலையிடி உங்களுடையது.

புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா, இருந்தால் கட்டி முடித்த கடிதம் எங்கே? புத்தகத்தில் இருப்பவர்தான் விற்கிறாரா, இல்லை நடுவில் மூன்று கை மாறிக் கையெழுத்துத் தாளோடு வருகிறதா? பெட்டியும் சேர்த்து விற்றால் பெட்டிக்குத் தனிப் புத்தகம் கேளுங்கள். இங்கே மற்ற மாவட்டத்தாருக்குத் தோன்றாத ஒரு கேள்வியும் உண்டு: மணலோ காட்டு மரமோ ஏற்றிப் பிடிபட்டு, இந்த மெசினில் வழக்கு ஏதும் நிற்கிறதா? அப்படிப்பட்ட வழக்கில் நீதிமன்றம் வாகனத்தையே பறிமுதல் செய்யலாம். பிணையில் வெளியே வந்து நிற்கிற மெசினை வாங்கினால் காசும் போகும், மெசினும் போகும். அந்தப் பகுதிப் பொலிஸில் தெரிந்த ஒருவர் மூலம் விசாரித்துவிடுங்கள்.

வாங்கியாயிற்று என்று வைப்போம். சொந்தக்காரர் "போன மாதம்தான் ஒயில் மாற்றினது" என்றாலும் கேளாதீர்கள். எஞ்சின் ஒயில், ஒயில் பில்ற்றர், டீசல் பில்ற்றர், பின் ஒயில் எல்லாவற்றையும் மாற்றி, அந்த நாளையும் மீற்றர் எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மீற்றர் கேபிள் அறுந்திருந்தால் முதல் வேலை அதைப் போடுவது. இனி வருகிற மணித்தியாலம் உங்கள் கணக்கு. எஞ்சின் ஒயிலை 250 மணித்தியாலத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள், புழுதி உழவு அடித்தால் இன்னும் முந்தி மாற்றுங்கள். நூறு ஏக்கர் உழுகிறவருக்கு அது ஏறக்குறைய ஒரு காலபோகம். மழைக்கு முன் ஒன்று, வெட்டு முடிந்து ஒன்று என்று வைத்தால் ஞாபகம் வைக்கச் சுகம்.

வால்வுகளின் ரப்பெற் இடைவெளியை வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் 12 தௌ. காதால் கேட்டுச் சரி பண்ணுகிற பாஸ் கெட்டிக்காரராக இருக்கலாம், பீலர் கேஜ் அவரைவிடக் கெட்டித்தனம். டீசல் பில்ற்றரின் அடியில் சேர்கிற தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். பரல் டீசல் ஊற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். டாங்கை இரவில் நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் கட்டுவது குறையும். சேற்றிலிருந்து ஏறிய அன்றே முன் அச்சு, கிங் பின், கலப்பைக் கைகள் எல்லாவற்றுக்கும் கிறீஸ் அடியுங்கள். பழைய கிறீஸோடு சேறும் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். மறுநாள் காலை அடித்தால் இரவு முழுதும் தண்ணீர் உள்ளே நின்றிருக்கும். எயார் கிளீனர்க் கிண்ணத்தைப் பற்றி மேலே சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மெசினை ஓட்ட ஒரு பொடியனை வைத்தால் அவனுக்கு முதல் பழக்க வேண்டியது அதுதான். ஓட்டம் பிறகு வரும்.

விலைக்கு வருவோம். 2020 இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய மெசின் விலை ஏறியது. ஆகவே "மலிவாக எடுக்கலாம்" என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். உங்கள் கணக்கு இதுவாக இருக்கட்டும்: கேட்கிற விலையோடு, முதல் போகத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலையின் காசையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இன்னொரு நல்ல மெசினின் விலையைத் தாண்டினால் இது வேண்டாம். புரட்டாதியில் வாங்கவும் போகாதீர்கள். மழை இருட்டுகிறபோது எல்லாருக்கும் மெசின் வேண்டும், விற்கிறவர் இறங்கமாட்டார், உங்களுக்கும் சோதித்துப் பார்க்க நேரமிராது. சித்திரை தொடங்கி ஆடிக்குள் வாங்கினால் வேலை செய்விக்கவும் நாள் இருக்கும்.

மல்லாவி மெசினைப் பற்றிக் கேட்டீர்கள். ஹோஸுக்குள் துணி சுத்தமாக வந்து, பின் ஒயிலில் தண்ணீர் இல்லாமல், கிராங்க் பத்தோ இருபதோ வெட்டினதற்குப் பில் காட்டினால், 6,800 இல்லை 9,000 என்றாலும் நான் வாங்குவேன். கிளச்சும் ரயரும் போயிருந்தால் கழித்துப் பேசுவேன். ஹோஸுக்குள் மண் வந்தால், அது 3,000 மணித்தியால மெசினாக இருந்தாலும் எஞ்சின் வேலைக்காசு முழுவதையும் கழிக்காமல் கை வைக்கமாட்டேன். முப்பது வெட்டின கிராங்க், அதோடு பால் நிற ஒயில் என்றால் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். போகும்போது உங்கள் பாஸைக் கூட்டிப் போங்கள், விற்கிறவர் சிபாரிசு செய்கிற பாஸை இல்லை. அவருக்கு அரை நாள் கூலி கொடுத்துவிடுங்கள், வாங்கினாலும் வாங்காவிட்டாலும். அப்போதுதான் அவர் வாங்கவேண்டாம் என்று தைரியமாகச் சொல்வார்.